நியூயோர்க் பாடசாலைகளும் தீபாவளி விடுதலையும்

பாடசாலைக்கு எந்நாளில் விடுதலை, எந்நாளில் அரைநாட் பள்ளி என்று தீர்மானிப்பது, கந்தோரில் இருக்கும் எழுதுவினைஞர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடக்கூடிய சிறு கருமமாகவே பலருக்குத் தோன்றும். எமது நாட்டில் அது கல்வி அமைச்சின் சுற்றுநிருபமாக வருகின்றது. சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஓர் அட்டவணை, முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தைத் தழுவிய வேறோர் அட்டவணை என்று ஆண்டு தவணைகளாக வகுக்கப்படுகின்றது. தீபாவளியும் தைப்பொங்கலும் அரசாங்க விடுமுறை நாள்கள். ஆதலால் அன்று கோயிலுக்குச் செல்வதா, பள்ளிக்குச் செல்வதா என்ற கேள்வி எங்கள் பிள்ளைகள் முன் எழுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் வாழும் இந்துப் பிள்ளைகளுக்கோ அக்கேள்வி நேற்றுவரை இருந்தது. அது நீங்கிய வரலாற்றை அறிய விரும்புவோர், அந்நாட்டில் ஒரு பள்ளி விடுதலை நாள் எவ்வாறு பிறக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அமெரிக்க அரசியலமைப்பிற் கல்வி என்ற சொல்லே இல்லை. ஆகையாற் கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்கள் அப்பொறுப்பைப் பெரும்பாலும் ஊர்களின் கையிற் கொடுத்தன. 50 குடும்பம் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்துதல் வேண்டுமென்று மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தார் 1647இலேயே சட்டம் இயற்றினர். அவ்வழியில் வந்த பள்ளி மாவட்டங்கள் இன்று நாடு முழுவதிலும் 13,000க்கு மேலுள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்விச் சபை. பெரும்பாலானவை ஊரவர் வாக்களித்துத் தெரியும் சபைகள். பள்ளி தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் இடையில் வரும் விடுதலைகளையும் குறிப்பது அச்சபைகளின் வேலை. மாநிலம் இடும் நிபந்தனை பெரும்பாலும் ஒன்றே: ஆண்டுக்கு இத்தனை நாள், அல்லது இத்தனை மணிநேரம், பள்ளி நடத்தல் வேண்டும். மிகுதியான மாநிலங்களில் அந்தத் தொகை 180 நாள். நியூயோர்க் மாநிலத்தில் 180 நாள் பள்ளி நடத்தாத மாவட்டத்துக்கு அரசாங்கப் பண உதவி குறையும். எனவே நாட்காட்டி எழுதுவோர் கையில் இருப்பது ஓர் அளவான பணப்பை போன்றது. ஒரு நாளை ஒருவருக்குக் கொடுத்தால், அதை வேறோரிடத்திலிருந்து எடுத்தே தீரவேண்டும்.

ஆதியில் அந்நாட்டிற் சமயத் திருநாள்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று பார்த்தால் வியப்பே உண்டாகும். மசச்சூசெற்ஸில் முதலிற் குடியேறிய தூய்மைவாதக் கிறிஸ்தவர் நத்தார்ப் பண்டிகை வேதத்தில் விதிக்கப்படாதது என்று கருதி, அதைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷிலிங் தண்டம் என்று 1659இற் சட்டம் செய்தனர். அச்சட்டம் 1681இல் நீக்கப்பட்டது. எனினும் அந்த மனப்பான்மை விரைவில் நீங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் பொஸ்ரன் நகரப் பள்ளிகள் நத்தார் நாளில் திறந்திருந்ததுண்டு. மத்திய அரசாங்கம் அந்நாளை விடுமுறையாக்கியது 1870இல். இன்று எவரும் கேள்வி கேட்காத நத்தார் விடுதலைக்கே அங்கு இவ்வளவு காலஞ் சென்றது.

கோடைகால நீண்ட விடுதலையைப் பற்றியும் ஒரு பிழையான கருத்து உலவுகின்றது. பிள்ளைகள் வயலில் வேலை செய்வதற்காகவே அது ஏற்பட்டது என்று அமெரிக்கரிற் பலரே நம்புகின்றனர். கமத்தொழில் தெரிந்த எவரும் இதைச் சற்றுச் சிந்தித்தால் ஐயுறுவர். விதைப்பு வசந்த காலத்தில். அறுவடை இலையுதிர் காலத்தில். ஆகவே கிராமப் பள்ளிகள் மாரியில் ஒரு தவணையும் கோடையில் ஒரு தவணையுமாக நடந்தன. வேலை மிகுந்த இரு பருவங்களிலும் மூடப்பட்டன. நகரப் பள்ளிகளோ 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நடந்தன. சில நகரங்களில் 240 நாளுக்கும் மேல். கட்டாய வரவுச் சட்டம் இல்லாத காலம் அது. கோடை வெப்பத்தில் வசதியுள்ள குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேறின; வாங்குகள் வெறுமையாயின. ஓயாது படித்தால் இளம் மூளை களைத்துவிடும் என்று வைத்தியரும் கல்விமான்களும் எழுதினர். ஆசிரியப் பயிற்சி வகுப்புகளுக்கும் கோடையே வாய்ப்பாயிற்று. இவ்வாறு நகரம் தன் நாள்களைக் குறைக்க, கிராமம் தன் நாள்களைக் கூட்ட, 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்தன.

உண்மையாகவே பயிருக்காக விடப்படும் விடுதலையைக் காண விரும்பினால் மெயின் மாநிலத்தின் வடகோடியிலுள்ள அரூஸ்ருக் பகுதிக்குச் செல்லவேண்டும். அங்கே உருளைக்கிழங்கு கிண்டும் காலத்தில், இலையுதிர் பருவத்தில், பள்ளிகளைச் சில கிழமை மூடுவது நெடுநாள் வழக்கம். பென்சில்வேனியாவிற் பல பகுதிகளில் மான்வேட்டைக்குப் பள்ளி விடுதலை! நன்றி கூறும் திருநாளை அடுத்த திங்கட்கிழமை வேட்டைப் பருவம் தொடங்கியதால் அந்த வழக்கம் உண்டாயிற்று. 2019இல் வேட்டை ஆரம்பத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினர். பல மாவட்டங்கள் திங்கள் விடுதலையை மட்டும் விடவில்லை. வேர்ஜீனியாவிலோ செப்டெம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினத்துக்கு முன் விசேட அனுமதியின்றிப் பள்ளி திறக்கலாகாது என்று 1986இற் சட்டம் வந்தது. உல்லாசப் பயணத் தொழிலுக்குப் பிள்ளைகளும் வேண்டும், வேலைக்கு வரும் இளைஞரும் வேண்டும் என்பதே காரணம். கிங்ஸ் டொமினியன் என்ற களியாட்டப் பூங்காவின் பெயராலேயே சனங்கள் அச்சட்டத்தை அழைத்தனர். 2019இல் அது தளர்த்தப்பட்டது. உருளைக்கிழங்குக்கும் மானுக்கும் பூங்காவுக்கும் இடங் கொடுத்த நாட்காட்டி, ஒரு சமயத்தாரின் புனித நாளுக்கு இடங் கேட்டபோது மட்டும் தயங்கியது ஏன்?

அதற்கும் காரணம் உண்டு. அரசாங்கம் எச்சமயத்தையும் தாபிக்கலாகாது என்று 1791இல் நிறைவேறிய அரசியலமைப்பின் முதலாந் திருத்தம் கூறுகின்றது. ஆகவே "இது புனித நாள், பள்ளியை மூடுங்கள்" என்று ஒரு சமயத்தார் கேட்டால் அதுமட்டும் போதிய நியாயமாகாது. "இந்நாளில் மாணாக்கரும் ஆசிரியரும் திரளாக வராதிருப்பர், பள்ளி நடத்துவது வீண்" என்று காட்டினால் அது உலகியல் நியாயமாகும். அதாவது வழக்கைத் தீர்ப்பது வேதநூலன்று, வரவு இடாப்பு.

இதை முதலில் நன்கு உணர்ந்தவர்கள் யூதர்கள். 1880 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர் அமெரிக்காவை அடைந்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் நியூயோர்க்கிலேயே தங்கினர். பள்ளிகளில் இடம் போதவில்லை. அக்காலத்தில் அரைநாட் பள்ளி என்பது சலுகையன்று, குறை. ஒரே வகுப்பறையிற் காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அரைநாட் கல்வியே பெற்றனர். வகுப்பறை, தொழிற்கூடம், விளையாட்டிடம் என்று மாணாக்கரைச் சுழற்றி விடும் கேரித் திட்டத்தால் இதைத் தீர்க்க நகராட்சி முயன்றபோது, தம் பிள்ளைகளுக்குப் படிப்பைக் குறைத்துக் கைவேலையைக் கூட்டுகின்றார்கள் என்று ஐயுற்ற குடியேறிய பெற்றோர் 1917இல் வீதியில் இறங்கினர். அவ்வாண்டுத் தேர்தலில் நகரபிதா மிச்சல் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய அரைநாட் பள்ளி வேறு வகையானது. பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்காகவும் ஆசிரியர் பயிற்சிக்காகவும் பிள்ளைகளை நண்பகலோடு அனுப்புகின்றனர். முழுநாளை இழக்காமல் நேரத்தை மீதப்படுத்தும் உபாயம் அது. எனினும் நியூயோர்க் மாநிலம் 180 நாளோடு, கீழ்வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 900 மணிநேரமும் மேல்வகுப்புகளுக்கு 990 மணிநேரமும் வேண்டுமென்று விதித்திருப்பதால், அரைநாள்களையும் கண்டபடி பெருக்க இயலாது. வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு நண்பகலில் வீடு திரும்பும் பிள்ளை தனிக் கவலை என்பதையும் சொல்லவேண்டும்.

யூதரின் கதைக்கு மீள்வோம். 1905ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திற் புறூக்ளின் பள்ளியொன்றின் தலைமை ஆசிரியர், யூதப் பிள்ளைகள் நிறைந்த சபையில், இயேசுவைப் போல ஒழுகுமாறு உபதேசித்தார். பெற்றோர் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டு நத்தார் விழா நடக்கும் நாளிற் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டாம் என்று யூதப் பத்திரிகைகள் அறைகூவ, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டில் நின்றனர். வெறும் வாங்குகளின் வலிமையை நகரம் அன்று கண்டது. பின்னாளில் அப்பிள்ளைகளிற் பலர் தாமே ஆசிரியராயினர். நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களின் புத்தாண்டிலும் பாவநிவிர்த்தி நாளிலும் வராத ஆசிரியர்களுக்குப் பதிலாட்களைத் தேட இயலாது போகவே, கல்விச் சபை அந்நாள்களிற் பள்ளிகளை மூடலாயிற்று.

இடையில் வேறொரு வழியும் திறந்தது. பெற்றோர் விரும்பினாற் கிழமைக்கு ஒரு மணிநேரம் பிள்ளையைச் சமயபாடத்துக்காகப் பள்ளியிலிருந்து அனுப்பலாம் என்று நியூயோர்க் மாநிலம் 1940இற் சட்டமாக்கியது. பள்ளிக்கட்டடத்துக்குள்ளே சமயபாடம் நடத்திய இலினோய் மாநில ஏற்பாடு ஒன்றை 1948இல் தள்ளிய உச்ச நீதிமன்றம், கட்டடத்துக்கு வெளியே நடந்த நியூயோர்க் ஏற்பாட்டை 1952இல் ஏற்றது. எனினும் கிழமைக்கு ஒரு மணிநேரம் பண்டிகைக்கு உதவாது. பெற்றோர் எழுதிக் கேட்டாற் பண்டிகை நாளிற் பிள்ளை நிற்கலாம். அதற்குத் தண்டனை இல்லை. ஆனாற் பாடம் நடந்துவிடும், பரீட்சையும் நடந்துவிடும்.

இந்த இடர் 2006இல் வெளிப்படையாயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் மாநிலப் பரீட்சையொன்று ஹஜ்ஜுப் பெருநாளன்றே வைக்கப்பட்டது. முஸ்லிம் பெற்றோர் ஒன்று திரண்டனர். 2009இல் நகரசபை அவர்களுக்குச் சாதகமாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நகரபிதா புளூம்பேர்க் இணங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நாள் கொடுத்தாற் படிப்பதற்கு நாள் இராது என்பது அவர் வாதம். பணப்பைக் கணக்கை நோக்கினால் அது வெறுப்பில் எழுந்த வாதமன்று என்பதே என் எண்ணம். ஆயினும் முன்னர் வந்தவர்க்குக் கிடைத்தது பின்னர் வந்தவர்க்கு இல்லையா என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. அடுத்த நகரபிதா டி பிளாசியோ 2015இல் இரு பெருநாள்களையும் நாட்காட்டியிற் சேர்த்தார். சீனர் முதலியோர் கொண்டாடும் சந்திரப் புத்தாண்டும் 2016 முதல் விடுதலையாயிற்று.

இனி எஞ்சியோர் இந்துக்கள், சீக்கியர், சமணர். 1965இன் குடிவரவுச் சட்டத்துக்குப் பின் இந்தியரும் ஈழத்தவரும் நியூயோர்க்கிற் பெருகினர். குவீன்ஸ் பகுதியில் ஃபிளஷிங்கிலுள்ள கணபதி ஆலயம், அழகப்பா அழகப்பன் முதலானோரின் முயற்சியால் எழுந்து, 1977இற் கும்பாபிஷேகம் கண்டது. ஆனாற் தீபாவளி விடுதலைப் போராட்டத்தில் முன்னின்றவர்கள் இவர்கள் மட்டுமல்லர். அதே குவீன்ஸில் றிச்மண்ட் ஹில் என்னும் இடத்தில் கயானாவிலிருந்தும் திரினிடாட்டிலிருந்தும் வந்த இந்துக்கள் செறிந்து வாழ்கின்றனர். 1838 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். மொழியைப் பெரும்பாலும் இழந்தும் விளக்கை இழக்காதவர்கள். திரினிடாட்டில் 1966 முதல் தீபாவளி பொது விடுமுறை. அங்கிருந்து வந்தவர்களுக்கு நியூயோர்க்கிற் பிள்ளைகள் அன்று பள்ளிக்குச் செல்வது பெருங் குறையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அயலிலுள்ள நியூஜேர்சியில், இந்தியர் மிகுந்த எடிசன் போன்ற ஊர்களின் கல்விச் சபைகள் நியூயோர்க்கை முந்திக்கொண்டன. சிறு மாவட்டத்தின் வசதி அது. சபையோர் ஊரவரையே நாளும் காண்பர். எட்டு, ஒன்பது இலட்சம் பிள்ளைகள் கற்கும் நியூயோர்க் நகரின் நாட்காட்டியை அசைப்பது அத்தனை எளிதன்று. 2020இல் மாநிலச் சட்டசபைக்குத் தெரிவான ஜெனிபர் ராஜ்குமார் என்னும் இந்திய வமிச அம்மையார் இக்கருமத்தைக் கையிலெடுத்தார். 180 நாளில் இடமில்லை என்ற பழைய வாதம் எழுந்தபோது, அவரும் நகரபிதா அடம்ஸும் 2022இல் ஓர் உபாயம் கூறினர். புறூக்ளினில் ஞாயிறு சமயப் பள்ளிகளின் ஊர்வலத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டு, ஊர்வலம் மங்கிய பின்னும் ஜூன் மாத வியாழன் ஒன்றில் நிலைத்துவிட்ட ஆண்டுநிறைவு நாளை எடுத்துவிட்டு, அவ்விடத்திற் தீபாவளியை வைக்கலாம் என்பதே அது. பின்வந்த ஆண்டுகளில் ஜூன் நாளும் நீங்கவில்லை. தீபாவளியும் வந்து சேர்ந்தது. ஒரு முறை கொடுத்த விடுதலையைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு மான்வேட்டைத் திங்களோடு இதுவும் ஒரு சான்று.

சட்டம் 2023 ஜூனில் மாநிலச் சபைகளில் நிறைவேறியது. ஆளுநர் ஹோக்குல் நவம்பர் 14ஆந் தேதி ஒப்பமிட்டார். அவ்வாண்டுத் தீபாவளி இரு நாள் முன்னரே, ஞாயிற்றுக்கிழமையில், கழிந்துவிட்டது. ஆகவே நியூயோர்க் நகரப் பள்ளிகள் தீபாவளிக்காக முதன்முதல் மூடப்பட்டது 2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை.

அவ்வாண்டில் இன்னொரு சிக்கலும் நேர்ந்தது. வடநாட்டார் அமாவாசையில் இலட்சுமி பூசையாகக் கொண்டாடுவதை நாம் நரக சதுர்த்தசியிற் கொண்டாடுகின்றோம். அமாவாசை இரு நாளிற் பரந்து நின்றமையால், இலங்கையிலும் தமிழகத்திலும் தீபாவளி அக்டோபர் 31, வியாழனன்று வந்தது. நகரத்தார் குறித்ததோ மறுநாள். விடியற்காலையில் எண்ணெய் வைத்து முழுகிய நியூயோர்க்கின் தமிழ்ப் பிள்ளைக்கு அன்று பள்ளி இருந்தது. அடுத்த ஆண்டு, 2025 அக்டோபர் 20, திங்கட்கிழமை, இரண்டும் ஒரே நாளில் வந்தன.