முருக நாயனாரும் நம் இல்லத்து நந்தியாவட்டையும்

ஏழாம் நூற்றாண்டில் திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார், வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரும் தம் கையாலேயே கொய்து தொடுத்தார் எனச் சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார்.

நம் ஓசூரிலோ, 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் தோட்டங்கள் பல மனைகளாயின. பசுமைக்குடில் ரோசா இங்கிருந்து கடல் கடந்து செல்கின்றது. மலைமேல் எழுந்தருளிய சந்திரசூடேசுவரருக்கோ நம்மில் பலர் கொண்டு செல்வது கடைப்பூவே!

கோட்டுப்பூவாகிய நந்தியாவட்டை, சிவபூசைக்குரிய அட்டபுட்பங்களுள் ஒன்று. ஒரு சாண் கொம்பு நட்டால் தழைக்கும். ஆண்டு முழுதும் பசுமை மாறாது. அடுக்கு நந்தியாவட்டை இரவில் மணம் வீசும். கிள்ளினால் பால் கசியும். அது கண்ணிற் படலாகாது. தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, வாயிலருகே ஒன்று நடுக. கதிரெழுமுன் கொய்து, வாழையிலையிற் பொதிந்து, வாடுமுன் மலையேறலாம்.