வலி என்னும் காவலாளி

வலியை மனிதகுலம் என்றும் பகையாகவே கருதி வந்துள்ளது. ஆயினும் வலியை இழந்துவிட்ட மனிதனின் நிலை அதனினும் கொடியது என்பதைத் தமிழ் மண்ணில் நடந்த ஓர் ஆய்வு உலகுக்கு உணர்த்தியது.

தொழுநோய் உடலை அழுகச் செய்கிறது என்றே நெடுங்காலமாக மக்கள் நம்பினர். 1873ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். எனினும் விரல்கள் ஏன் தேய்ந்து மறைகின்றன என்ற வினா எஞ்சியே நின்றது.

1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்தார். மருத்துவர் காக்ரேனின் அழைப்பை ஏற்று, 1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு கூறினார். அந்தப் பிடி இரும்பாய் இறுகியது. மருத்துவர் வலியால் துடித்தார். பிடித்தவரோ தம் பிடியின் வலிமையையே அறியவில்லை. 'உயிரற்றது' என்று உலகம் ஒதுக்கிய கையில் நல்ல தசைகள் இன்னும் உழைத்துக்கொண்டிருந்தன!

இறந்தோர் உடல்களை ஆராய்ந்தபோது உண்மை மேலும் தெளிவாயிற்று. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் போன்ற இடங்களில், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் வீங்கித் தடித்திருந்தன. நரம்பணுவிலிருந்து நீளும் மெல்லிய இழையே ஆக்ஸான். முதுகெலும்பருகே உள்ள அணுவின் இழை கால்விரல்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்வதுண்டு. அவ்விழைகளைப் போர்த்திக் காப்பவை ஷ்வான் அணுக்கள். தொழுநோய்க் கிருமி குடிபுகுவது அந்தக் காவல் அணுக்களில்தான். குளிர்ச்சியான இடங்களையே அது நாடுகிறது. கிருமியை எதிர்க்கும் உடலின் போராட்டத்தில் நரம்பு வீங்குகிறது. இழைகள் நசுங்கி அழிகின்றன. தொடுஉணர்வும் வலியும் மறைகின்றன.

அதன் பின் நிகழ்வதெல்லாம் அன்றாட வாழ்வின் விபத்துகளே. கொதிக்கும் பாத்திரம் சுடுவது தெரிவதில்லை. காலில் தைத்த முள் தெரிவதில்லை. துருப்பிடித்த பூட்டைத் திறந்த சிறுவன் ஒருவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்தும், அவன் அறியாதிருந்ததைப் பிராண்ட் கண்டார். சதை அழுகி விழவில்லை. காவலாளியை இழந்த உடல் காயங்களால் தேய்ந்தது.

இத்தெளிவு சிகிச்சையையே மாற்றியது. நல்ல தசைநாண்களை இடம் மாற்றி மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைமுறை வேலூரில் வளர்ந்தது. பாதங்களைக் காக்கும் காலணிகள் உருவாயின. உணர்விழந்த கைகளையும் கால்களையும் நாள்தோறும் கண்ணால் பார்த்துக் காக்க நோயாளிகள் கற்றனர். 1966இல் அமெரிக்கா சென்ற பிராண்ட், நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் இதே பாடத்தைப் பயன்படுத்தினார், 2003இல் மறைந்தார்.

1982 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்துகள் கிருமியை அழிக்கின்றன. ஆனால் அழிந்த நரம்பை அவற்றால் மீட்க இயலாது. 2023இல் மட்டும் உலகில் 1,82,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. உணர்ச்சியற்ற தேமலைக் கண்டவுடன் மருத்துவரை நாடினால் நரம்பைக் காக்கலாம். அச்சமும் வெட்கமும் அந்த நாட்களைத் திருடிவிடுகின்றன.

தன் விரல் காயமுற்றதை அறியாத மனிதனுக்காக நாம் இரங்குகிறோம். அவனை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவன் துயரை உணராமலே வாழ்ந்த சமூகம் எந்த நரம்பை இழந்திருந்தது? எண்ணிப் பார்ப்போம்.