இரட்டையாட்சியின் கஜானா

1919ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தின்படி, அடுத்த ஆண்டின் இறுதியில் நீதிக்கட்சியார் சென்னை ராஜதானியில் மந்திரிசபை அமைத்தபோது, சுயாட்சியின் வாயிற்படியில் கால் வைத்துவிட்டதாகவே நம்மவரிற் பலர் எண்ணினர். ஆனால் மந்திரிகளுக்கும் கவர்னரின் நிர்வாக சபைக்குமாக இலாகாக்களைப் பங்கிட்ட இந்த இரட்டையாட்சிச் சீர்திருத்தத்தின் உண்மையான உயரத்தை அளந்து காட்டியது, பணத்தைப் பங்கிட வந்த மெஸ்டன் கமிட்டியே.

நிலவரியும் நீர்ப்பாசனமும் ஆப்காரியும் மாகாணங்களுக்கு, சுங்கமும் வருமான வரியும் இந்திய சர்க்காருக்கு என்று வகுத்தபின், மத்திய கஜானாவில் விழுந்த துண்டை அடைப்பதற்காக மாகாணங்கள் ஆண்டுக்கு 983 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்றும், அதில் 348 லட்சத்தைச் சென்னை ஒன்றே கட்டவேண்டும் என்றும் அக்கமிட்டி 1920இல் விதித்தது. வங்காளத்திற்கு 63 லட்சம், பம்பாய்க்கு 56. புதிய பங்கீட்டால் எந்த மாகாணத்தின் வருமானம் அதிகம் பெருகுகிறதோ அதுவே அதிகம் கொடுக்கட்டும் என்பது கமிட்டியின் தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெருக்கமெல்லாம் தஞ்சாவூரிலும் கோதாவரியிலும் உழுகிற குடியானவன் செலுத்திய தீர்வை அல்லவா? வருமான வரி பறிபோயிற்றே என்று பம்பாயும் வங்காளமும் அங்கலாய்த்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

எஞ்சிய பணமாவது மந்திரிகள் கையில் இருந்ததா என்றால், நிதி இலாகா கவர்னரின் நிர்வாக சபையைச் சேர்ந்த ஒதுக்கப்பட்ட இலாகாக்களுள் ஒன்று. கல்வியும் சுகாதாரமும் மந்திரிக்கு. அவற்றுக்கான ரூபாயை அளந்து கொடுப்பவர் வேறொருவர். 1923 வரை அபிவிருத்தி மந்திரியாக இருந்த கே. வி. ரெட்டி நாயுடு, மறு ஆண்டு, சீர்திருத்தம் நடந்துவந்த விதத்தை விசாரித்த மூடிமன் கமிட்டியின் முன் சாட்சி சொல்லுகையில், தாம் காடுகள் இல்லாத அபிவிருத்தி மந்திரி, நீர்ப்பாசனம் இல்லாத விவசாய மந்திரி, தொழிற்சாலையும் மின்சாரமும் சுரங்கமும் தொழிலாளர் விவகாரமும் இல்லாத கைத்தொழில் மந்திரி என்று அடுக்கினார். கசப்பை நகைச்சுவையாக்கத் தெரிந்த மனிதர்!

மெஸ்டன் கப்பம் படிப்படியாகக் குறைந்து 1928இல் அறவே நீங்கியது. மூடிமன் கமிட்டியின் பெரும்பான்மையோரோ சிற்சில திருத்தங்களே போதும் என்றனர். இரட்டையாட்சி தோற்றுவிட்டது, சட்டத்தையே மாற்றுக என்று எழுதிய நால்வருள் நம் பி. எஸ். சிவசாமி ஐயரும் ஒருவர். சிறுபான்மையார் சொன்னதே சரி என்பது என் முடிபு. ஆயினும் மாகாணங்களில் அந்த ஏற்பாடு 1937 வரை நீடித்தது.