அரைத்த இறைச்சியும் களப்பு நண்டும்

5 அமெரிக்கச் சதத்திற்கு விற்கப்பட்ட ஓர் உணவு ஏறத்தாழ 80 ஆண்டுகளில் 41 டொலருக்கு உயர்ந்தது. அதுவே ஹம்பேர்கர். அரைத்த மாட்டிறைச்சியை வட்டமாகத் தட்டிச் சுட்டுப் பணிஸின் நடுவே வைத்துத் தருவர். ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுக நகரின் பெயர் அதற்கு வாய்த்தது. மட்டக்களப்புப் பறங்கியரின் ஆங்கிலப் பெயரோடு இதனைச் சேர்த்து மாணவர் சிலர் மயங்குவதுண்டு. அப்பெயரோ நகரவாசி என்னும் பொருளுடைய ஒல்லாந்துச் சொல்லின் வழிவந்தது.

1906இல் அப்டன் சின்கிளேயர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 'த ஜங்கிள்' என்ற நாவலை வெளியிட்டார். சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் உழைத்தோரின் துயரைக் காட்டுவதே அவர் நோக்கம். வாசகரோ உழைப்பவரை விட்டுத் தம் தட்டைப் பார்த்து அஞ்சினர். அவ்வாண்டிலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது; தொழிலாளரின் கூலியைப் பற்றி அச்சட்டம் எதுவும் கூறவில்லை. அரைத்த இறைச்சி மீதிருந்த ஐயமும் எளிதில் அகலவில்லை. அதனைப் போக்கவே, 1921இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில் தோன்றிய வைட் காசில் கடை, சுவர் முதல் சிப்பந்தியின் உடை வரை யாவற்றையும் வெண்மையாக்கி, வாங்குவோர் கண்முன்னே சமைத்து, ஒன்றை 5 சதத்திற்கு விற்றது.

பகட்டுப் பின்னரே புகுந்தது. 2001இல் நியூயோர்க்கில் டானியல் பூலூ என்னும் பிரெஞ்சுச் சமையற் கலைஞர், வாத்தின் ஈரலை உள்ளே ஒளித்து வைத்த ஹம்பேர்கரை ஆக்கினார். 2003இல், 1868 முதல் நடைபெற்றுவரும் ஓல்ட் ஹோம்ஸ்டெட் என்னும் இறைச்சி விருந்தகம், யப்பானியக் கோபே மாட்டின் பெயரால் ஒன்றை ஆக்கி 41 டொலர் விலை வைத்தது. இத்தகையதொன்றைக் கொழும்பு விருந்தகம் ஒன்றில் நானும் உண்டு பார்த்தேன். சுவை நன்றே. ஆயினும் கொடுத்த பணத்திற் பாதி நாற்காலிக்கும் விளக்கொளிக்கும் உரியதென்றே தோன்றியது.

பணக்காரரின் ஹம்பேர்கர் ஏழையின் ஹம்பேர்கரைப் பறிக்கவில்லை. இரண்டும் ஒரே நகரில் விலைப்படுகின்றன. நமது களப்பு நண்டின் கதை அப்படியன்று.

வாழைச்சேனையில் முருங்கையிலையிட்டுக் காய்ச்சும் நண்டுக்கறி எளியவர் வீட்டுக் கறி. இலங்கைக் களப்புகளின் பெரிய நண்டுகள் நெடுங்காலமாக உயிருடன் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகி வந்தன. 2011இல் தர்ஷன் முனிதாச, கிரிக்கெற் வீரர்களான மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோருடன் சேர்ந்து, கொழும்புக் கோட்டையிலுள்ள 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' என்னும் நண்டு உணவகத்தைத் திறந்தார். பிற நாட்டார் புகழ்ந்த நண்டு சொந்த நாட்டிலும் மதிப்புப் பெற்றது, அது போற்றத்தக்கதே. அங்கே நண்டின் பருமனுக்கேற்ப விலை உயரும். 2 கிலோ நண்டுக்குத் தனிப் பெயரே உண்டு.

ஹம்பேர்கரின் விலையை உயர்த்தப் புதுப் பொருள்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. நண்டுக்குச் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. பெரியதைத் தெரிந்தெடுத்தாற் போதும். ஆனால் பெரிய நண்டைக் களப்பு அளந்தே தருகிறது. தராசிலே நிறை காட்டும் நண்டு வியாபாரியின் பெட்டிக்குச் செல்ல, காலொடிந்ததும் சிறியதும் பிடித்தவன் வீட்டுச் சட்டிக்கு வருகின்றன. விற்ற பணம் அரிசியாகவும் பிள்ளைகளின் கொப்பியாகவும் வீடு வந்து சேர்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. கொழும்பு மேசையின் விலையில் அப்பணம் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிடும்படி உயர்தர வகுப்பு மாணவரிடம் சொல்லியிருக்கிறேன். கரையில் விலை கேட்டுவர அவர்களுள் மீனவர் வீட்டுப் பிள்ளைகளே முதலில் எழுந்தனர்.