மின்சுற்றுப் பலகை உற்பத்தி: தமிழ்நாட்டில் தரமும் திறனும்

மின்சுற்றுப் பலகை என்பது மின்னணுக் கருவியின் உறுப்புகளைத் தாங்கி, அவற்றைச் செப்புத் தடங்களால் இணைக்கும் தட்டு. தொழிலில் இருப்பவர்கள் இதைப் ‘பிசிபி’ என்றும் ‘போர்டு’ என்றும் சொல்வார்கள். இதன் உற்பத்தியில் இரண்டு தனித் தொழில்கள் உண்டு. கண்ணாடியிழையும் எப்பாக்சியும் சேர்ந்த தகட்டில் துளையிட்டு, செம்பு முலாம் பூசி, தடங்களை அரித்தெடுத்து வெற்றுப் பலகை செய்வது ஒன்று. அதன்மேல் சிப்புகளையும் பிற உறுப்புகளையும் பற்றவைப்பது மற்றொன்று. தமிழ்நாடு இரண்டாவதில் இந்தியாவின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. முதலாவதில் இப்போதுதான் பெரிய அளவில் இறங்குகிறது.

தோற்றம்

ஆஸ்திரியாவில் பிறந்த பொறியாளர் பால் ஐஸ்லர், 1936இல் லண்டனில் அச்சுச் சுற்று கொண்ட வானொலிப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில், இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டுகளில் அமெரிக்கா அச்சுச் சுற்றுகளைப் பயன்படுத்தியது. 1948இல் அந்த நுட்பம் வணிகப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. அதுவரை ஒவ்வொரு முனையையும் கையால் பற்றவைத்தார்கள். 1950களில், பற்றவைக்கும் உலோகக் கலவையான சால்டரை உருக்கி, அதன் அலைமேல் பலகையை ஓடவிட்டு எல்லா முனைகளையும் ஒரே ஓட்டத்தில் பற்றவைக்கும் முறை வந்தது. 1980களில் உறுப்புகள் பலவற்றின் கம்பிக் கால்கள் மறைந்து, அவை பலகையின் மேற்பரப்பிலேயே அமரத் தொடங்கின.

வேகம் கூடியதும் ‘எது நல்ல பலகை?’ என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் ஆறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து 1957இல் தொடங்கிய ஐபிசி அமைப்பு, வெற்றுப் பலகைக்கு 1964இலும் பற்றவைத்த பலகைக்கு 1983இலும் ஏற்பு அளவுகோல்களை வெளியிட்டது. பொம்மைக்குப் போதுமான பற்றவைப்பு, உயிர்காக்கும் மருத்துவக் கருவிக்குப் போதாது. ஆகவே பொருளின் பயன்பாட்டைப் பொறுத்து மூன்று வகுப்புகள் வகுக்கப்பட்டன. இன்றும் வாங்குபவரும் விற்பவரும் தகராறு தீர்க்கப் புரட்டுவது இந்த அளவுகோல்களையே.

தமிழ்நாட்டில் தொடக்கம்

சென்னை கிண்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ், மாநிலத்தின் தொடக்ககாலத் தகவல்தொடர்புக் கருவி ஆலைகளில் ஒன்று. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபின், டயனோரா, சாலிடேர் போன்ற சென்னை நிறுவனங்களின் பெட்டிகள் வீடுகளுக்குள் வந்தன. தொலைக்காட்சிப் பெட்டிகளில் அக்காலத்தில் இருந்தவை பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் செம்பு பூசிய பழுப்புநிறப் பலகைகள். 1977இல் மாநில அரசு தன் மின்னணு நிறுவனமான எல்காட்டைத் தொடங்கியது.

இத்தொழிலுக்கு அடிப்படையான மின்வேதியியலுக்கு, காரைக்குடியில் அதற்கு முன்பே இடம் கிடைத்திருந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று அது திறக்கப்பட்டது. முலாம் பூசுதலும் அரிமானத் தடுப்பும் அதன் முதன்மைத் துறைகள். வெற்றுப் பலகையின் துளைச் சுவரில் செம்பு சீராகப் படிகிறதா என்பது முழுக்க முழுக்க முலாம் பூசும் கலையைச் சார்ந்தது.

தரக் கணக்கு

உற்பத்தியைப் புள்ளியியலால் கட்டுப்படுத்தும் முறை, 1924இல் அமெரிக்காவின் பெல் குழுமத்தைச் சேர்ந்த வால்டர் ஷூவார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்திலிருந்து தொடங்குகிறது. இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிசின் அழைப்பின்பேரில் அவர் 1947-48இல் இந்தியா வந்தார். அந்த முறையின் பயனைத் தமிழ்நாட்டில் எடுப்பாகக் காட்டியது வாகன உதிரிபாகத் தொழில். சென்னையின் சுந்தரம் கிளேட்டன் 1998இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே.

பலகைத் தொழிலில் இந்தக் கணக்கு கறாரானது. ஒரு பலகை 20 கட்டங்களைத் தாண்ட வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு 99 தேறும் என்று வைத்துக்கொண்டால், கடைசியில் பழுதின்றி வருபவை 82 மட்டுமே. ஒவ்வொரு கட்டத்திலும் ஆயிரத்துக்கு 999 தேறினால் அது 98 ஆகும். அதனால்தான் ஆலைகள் இறுதிச் சோதனையை நம்பியிருப்பதில்லை. திருத்தம் இல்லாமல் முதல் ஓட்டத்திலேயே தேறும் விகிதத்தைத்தான் தினமும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுகின்றன. பழுது திருத்தும் ‘ரீவொர்க்’ மேசையில் குவியும் போர்டுகள், முந்தைய கட்டம் ஒன்று கெட்டிருக்கிறது என்பதற்கான புகார்.

பற்றவைப்பு லைனில் பிழைகளின் பெரும்பகுதி முதல் வேலையான சால்டர் பசை அச்சிடுதலிலேயே பிறக்கிறது. பசை டப்பா குளிர்பெட்டியில் இருக்கும். அதை வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் மூடியைத் திறக்காமல் வைக்க வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அவசரப்பட்டுத் திறந்தால், பசைமேல் நீர் வியர்க்கும். பசையை உருக்கும் உலையில் அந்த நீர் ஆவியாகிச் சால்டரைச் சிறு உருண்டைகளாகச் சிதறடிக்கும். பசையை அச்சிடும் துளைத் தகட்டின் தடிமன் பெரும்பாலும் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர். துளை ஒன்றில் பசை காய்ந்து அடைத்தாலும் ஒரு முனை பட்டினி கிடக்கும். இதைப் பிடிக்க, உறுப்பு வைப்பதற்கு முன்பே பசையின் உயரத்தையும் அளவையும் கேமரா அளக்கிறது. உலைக்குப் பின் ஒளியியல் ஆய்வும், சிப்புக்கு அடியில் மறைந்திருக்கும் பற்றுகளுக்கு எக்ஸ்ரேயும் உண்டு. பசை நிலையில் கண்ட பிழையைத் துடைத்தெறியலாம். உலை தாண்டிய பிழைக்குச் சிப்பையே பெயர்க்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. ஃபாக்ஸ்கான், ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் போன்றவையும் அங்கே வந்தன. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் ஈயத்துக்குத் தடை விதித்தது. 183 டிகிரி செல்சியசில் உருகிய ஈயச் சால்டரின் இடத்தில், சுமார் 217 டிகிரியில் உருகும் கலவை வந்தது. உலையின் சூடு கூடியதால் பலகை வளைவதும் உறுப்பு வெடிப்பதும் புதிய பிழைகளாயின. சூட்டின் ஏற்ற இறக்கத்தை நொடிக் கணக்கில் வகுப்பது தனித் திறமையாக வளர்ந்தது.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. வேலை பழகிய கைகள் பிற ஆலைகளுக்குப் பரவின. 2019இல் ஃபாக்ஸ்கான் அங்கு ஐபோன் செய்யத் தொடங்கியது. 2021 டிசம்பரில் அந்த ஆலையின் விடுதியில் கெட்ட உணவு உண்டு பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற, சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. கேமராவும் எந்திரக் கையும் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், சோறும் தங்குமிடமும் சரியில்லாவிட்டால் லைன் நிற்கும் என்பதற்கு அது சாட்சி. 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர். நாட்டின் மொத்தத்தில் ஏறத்தாழ 41 விழுக்காடு.

வெற்றுப் பலகை

இந்த ஏற்றுமதிக்கு வேண்டிய பலகைகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அதை மாற்ற மத்திய அரசு 2025 மார்ச்சில் மின்னணு உறுப்பு உற்பத்திக்கான 22,919 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடும் அதே ஆண்டு ஏப்ரலில் தனித் திட்டம் கொண்டுவந்தது. ஓசூரில் அசென்ட் சர்க்யூட்ஸ் ஏற்கெனவே வெற்றுப் பலகை செய்துவருகிறது. 2025 ஆகஸ்ட்டில் கேய்ன்ஸ் குழுமம் 4,995 கோடி ரூபாய் முதலீட்டுக்குத் தமிழ்நாட்டுடன் ஒப்பந்தம் செய்தது.

காவிரிப் படுகையும் திருக்கடையூரும்

காவிரிப் படுகைக்கு மிக அருகே, திருச்சிராப்பள்ளியில் மின்னணு உற்பத்தி நிறுவனமான ஜேபில் 2,000 கோடி ரூபாயில் ஆலை அமைக்க 2024இல் ஒப்பந்தமானது. படுகைக்குள் பாதை வேறு. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த திருக்கடையூர்ப் பகுதியையும் உள்ளடக்கிச் செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைப் புதிதாக வரவிடாமல் தடுத்தது. வெற்றுப் பலகை ஆலைக்குக் கட்டம்தோறும் கழுவும் நீர் வேண்டும். வெளியேறும் நீரில் செம்பும் அமிலமும் கலந்திருக்கும். பாசன வாய்க்காலை நம்பிய ஊருக்கு அது ஒத்துவராது.

ஆனால் திருக்கடையூர், பலகையின் தரம் சோதிக்கப்படும் களம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் கைப்பேசியிலிருந்தே மோட்டாரைப் போட உதவும் ஸ்டார்ட்டர் பெட்டிகள் வயல் கொட்டகைகளில் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரமும் கடலோர உப்புக்காற்றும் சேர்ந்தால், பாதுகாப்புப் பூச்சு இல்லாத பலகையில் பச்சைக் களிம்பு ஏறும். பற்றவைப்பில் பயன்படுத்தி, ஆலையில் சரியாகக் கழுவப்படாத ஃப்ளக்ஸ் கசடு ஈரத்தை ஈர்த்துத் தடங்களுக்கிடையே மின்கசிவு உண்டாக்கும். சோதனைச் சாலையில் தேறிய பலகை இங்கே ஒரு பருவத்தில் தோற்கலாம். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் பூச்சைத் தவிர்க்கும் ஆலையின் திறன் கணக்கில், விவசாயிக்கு நேரும் செலவு ஏறுவதில்லை.

மதிப்பீடு

பற்றவைப்பில் தமிழ்நாடு அடைந்த உயர்வுக்கு ஒரு காரணம், பிழையைப் பிறந்த இடத்திலேயே பிடிக்கும் பழக்கம். வெற்றுப் பலகைத் தொழிலுக்கு அது மட்டும் போதாது. பலகையின் தடங்களை அளக்கும் அதே கண்டிப்போடு ஆலை வாசலைத் தாண்டும் நீரையும் அளக்க வேண்டும். அதில் தவறினால், தேறும் விகிதம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த ஆலையைத் தரமான ஆலை என்று சொல்ல முடியாது.