மைசூரில் முளைத்த விதை

சந்திரசேகர் என்றதும், விண்மீன்களை ஆராய்ந்து 1983-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரையே நேயர்கள் நினைவு கூர்வர். அவர் சர் சி. வி. ராமனின் தமையனார் மகன். அதே ராமனின் சகோதரிக்கு மகனாகப் பிறந்து, அதே 1983-இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரான மற்றொரு சந்திரசேகரும் உண்டு. அவரே சிவராமகிருஷ்ண சந்திரசேகர். அவருடைய பெரும்பணி தொடங்கிய இடம் மைசூர்.

அவர் 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். நாகபுரிப் பல்கலைக் கழகத்தில் பௌதிகம் பயின்று, பெங்களூரில் மாமனாகிய ராமனிடமே ஆராய்ச்சி மாணவராய் அமர்ந்தார். சில படிகங்களின் ஊடே செல்லும்போது ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பும். அத்திருப்பம் ஒளியின் நிறத்திற்கேற்ப வேறுபடும். இதனை ஆராய்ந்து 1954-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் சில ஆண்டுகள் பணியாற்றினார்.

1961-இல் அவர் தாயகம் திரும்பி, மைசூர்ப் பல்கலைக் கழகப் பௌதிகத் துறையின் முதல் தலைவரானார். அப்பல்கலைக் கழகம் 1916-இல் நிறுவப்பெற்றது. அதன் முதுகலைக் கல்விக்கென அமைந்த மானசகங்கோத்ரி வளாகமோ அப்பொழுதுதான் உருப்பெற்றிருந்தது. வளாகத்திற்கு அப்பெயரைச் சூட்டியவர், துணைவேந்தராக விளங்கிய கன்னடக் கவிஞர் குவெம்பு.

சந்திரசேகரின் இளவல் பஞ்சரத்தினமும் அத்துறையில் ஆசிரியராய்ச் சேர்ந்தார். 1956-இல், தமது 22-ஆம் வயதிலேயே, ஒளி அலைகளின் கட்டம் பற்றி அரியதோர் உண்மையைக் கண்டவர் அவர். மைசூரிலிருந்து 1964-இல் ஆக்ஸ்போர்டு சென்ற அவர், 1969-இல் 35 வயதில் மறைந்தார். அவர் கண்டதன் பெருமையை உலகம் உணர்ந்தது 1980-களில்தான்.

மைசூரில் சந்திரசேகர் தேர்ந்த பொருள் திரவப் படிகம். 1888-இல் ஆஸ்திரியத் தாவர நூலறிஞர் ரைனிட்சர் ஒரு விந்தையைக் கண்டார். அவர் சூடேற்றிய ஒரு பொருள் ஏறத்தாழ 145 பாகையில் கலங்கிய திரவமாயிற்று. ஏறத்தாழ 178 பாகையில்தான் தெளிந்தது. இடைப்பட்ட நிலையில் அது திரவம்போல் ஓடும். ஒளியைப் படிகம்போல் நடத்தும். படிக ஒளியியலில் தேர்ந்தவருக்கு இதனினும் ஏற்ற களம் வேறில்லை. பாடம் சொல்லும் துறையிலேயே ஆராய்ச்சியும் நடைபெற்றமையால், மாணவர்கள் இக்களத்தில் வளர்ந்தனர்.

ராமன் 1970-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிக ஆய்வுக்கூடம் அமைக்கும் பொறுப்புச் சந்திரசேகரை வந்தடைந்தது. மைசூர் மாணவர் சிலரும் அவருடன் சென்றனர். 1973 டிசம்பரிலேயே உலகத் திரவப் படிக அறிஞர்கள் அந்நிலையத்தில் கூடினர்.

திரவப் படிகத்தின் மூலக்கூறு தீக்குச்சிபோல் நீண்டிருத்தல் வேண்டும் என்பதே அதுகாறும் நிலவிய கொள்கை. 1977-இல் சந்திரசேகரும், உடன் உழைத்த சதாசிவா, சுரேஷ் இருவரும் ஒரு புதுமையை வெளியிட்டனர். பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு சங்கிலிகள் கொண்ட தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்பதே அது. அப்பளங்களை அடுக்கினாற்போல் அவை ஒன்றன்மேல் ஒன்றாய் நின்று தூண்களாகும். ரைனிட்சருக்குப் பின் 89 ஆண்டுகள் கழித்துத் திறந்த புதுவாயில் இது. இவ்வகைப் பொருள் சேர்ந்த மெல்லிய படலங்கள், பிற்காலத்தில் கணினித் திரைகளைப் பக்கவாட்டிலிருந்தும் தெளிவாய்க் காண உதவின.

அறிவைத் தொழிலோடு இணைத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. பணி ஓய்வுக்குப் பின் 1991-இல், பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தந்த இடத்தில், திரவப் படிக ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். அறுபது வயதைக் கடந்த ஒருவர் புதியதொரு நிலையத்தை அடிப்படையிலிருந்து எழுப்புதல் எளிதன்று. பெயர் மாறினும் அம்மையம் இன்றும் மத்திய அரசின் ஆதரவில் இயங்கி வருகிறது. 1994-இல் ராயல் சங்கத்தின் ராயல் பதக்கமும், 1998-இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 2004 மார்ச் 8-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றில் சிந்தித்தற்குரியது ஒன்றுண்டு. கற்பித்தல் பல்கலைக் கழகத்திற்கு, ஆராய்ச்சி தனி நிலையங்களுக்கு என்னும் பிரிவினை நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. சந்திரசேகரும் ஈற்றில் தனி நிலையத்திற்கே சென்றார். புகழ் தந்த கண்டுபிடிப்பும் அங்கேதான் விளைந்தது. ஆயினும் மைசூரில் கழிந்த பத்தாண்டுகள் இல்லையேல் அவருக்கு மாணவர் குழு ஏது? கல்கத்தாவில் பிறந்து, நாகபுரியில் பயின்று, மைசூரில் கற்பித்த இத்தமிழர், தாம் தங்கிய ஊரின் இளைஞர்க்கே தம் கல்வியை ஈந்தார். அவ்வூரும் அவருக்கு ஒரு பரம்பரையையே தந்தது. அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் பெருமைக்குரிய செய்தியன்று, பின்பற்றுதற்குரிய வழியுமாகும்.