சீட்டில் தப்பு எங்கே இருக்கிறது?

ஆவடி, பட்டாபிராம் லோக்கலில் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நான்கு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால் மேல் ஒரு ப்ரீஃப்கேஸ், அதன் மேல் துண்டு விரித்து ரம்மி ஆடுவார்கள். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் சீட்டை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பத்தை நீ அப்பவே இறக்கியிருக்கணும்பா" என்று சென்ட்ரல் படி இறங்குகிறவரை வாதாடுவார்கள். தோற்றவன் தன் தப்பைத் தேடுவது நேற்று வந்த பழக்கம் அல்ல. போக்கர் செல்போனுக்குள் வந்த பிறகு அந்தத் தேடல் ஒரு தனிப் படிப்பாகவே ஆகிவிட்டது. அந்தப் படிப்பின் கதையும் நம் நீதிமன்றங்களின் கதையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அதைத்தான் எழுத நினைத்தேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் காலம் தள்ளியவன். மைக்ரோமீட்டரும் ரிஜெக்ட் சீட்டுமாகவே வாழ்க்கை போயிற்று. அது தெரிந்துதான் 2024இல் எங்கள் தெருத் தம்பி ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். "சார், நான் எங்க தப்பு பண்றேன்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். சீட்டுக் கட்டி எடுத்த ஐம்பதாயிரத்தில் முக்கால்வாசி போக்கரில் போயிருந்தது. நோட்டில் நானூறு ஆட்டங்கள், தேதிவாரியாக. எங்கள் பட்டறையில்கூட இவ்வளவு ஒழுங்காகப் பதிவேடு எழுதியவர்கள் குறைவு.

ஒரு தப்பு பளிச்சென்று தெரிந்தது. கையில் ஸ்பேடு இரண்டு, மேஜையில் ஸ்பேடு இரண்டு, இன்னும் ஒரே ஒரு சீட்டு விழ வேண்டும். நடுவில் 400 ரூபாய் இருக்கிறது, எதிராளி தன் கடைசி 200 ரூபாயை வைத்துவிட்டான். நாமும் 200 வைப்பதா, சீட்டைக் கவிழ்ப்பதா? ஸ்பேடு வந்தால் ஜெயம், வராவிட்டால் தோல்வி என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் படாத சீட்டு 46, அதில் ஸ்பேடு 9. இதே நிலைமை 46 தடவை வந்தால் 9 தடவை 600 கிடைக்கும், ஆக 5,400. மீதி 37 தடவை 200 போகும், அது 7,400. நிகரமாக 2,000 நஷ்டம். ஒவ்வொரு தடவையும் சுமார் 43 ரூபாய். தம்பி எல்லாத் தடவையும் 200 வைத்திருந்தான். ஐந்தில் ஒரு தடவை 600 வந்து விழுந்தபோது நோட்டில் "நல்ல முடிவு" என்று எழுதியிருந்தான்!

ஜெயித்தது நல்ல முடிவு, தோற்றது கெட்ட முடிவு என்ற இந்தக் குழப்பம் தொழிற்சாலையில் எங்களுக்குப் பழகியது. 1924இல் அமெரிக்காவில் வால்ட்டர் ஷூஹார்ட் என்பவர் ஒரு பக்கத்தில் வரைபடம் போட்டுக் காட்டினார். எந்த மெஷினிலும் அளவு கொஞ்சம் முன்னே பின்னே வரும். அதில் தற்செயலாக வருவது ஒரு வகை, தேடினால் காரணம் அகப்படுவது இன்னொரு வகை. அவர் வழிவந்த டெமிங் இன்னொன்று சொன்னார்: தற்செயலாக வரும் வித்தியாசத்துக்கெல்லாம் மெஷினைத் திருகிக்கொண்டே இருந்தால் சரக்கு இன்னும் மோசமாகும். பக்கத்துப் பாடியில் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இல் இந்த டெமிங்கின் பெயரால் ஜப்பான் தரும் பரிசை வாங்கியபோது எஸ்டேட் முழுக்க அதே பேச்சு. தம்பியின் நோட்டில் நான் பார்த்தது மெஷினைத் திருகுவதைத்தான். மூன்று ஆட்டம் தோற்றால் ஆட்டத்தின் பாணியே மாறியிருந்தது, நான்காவது ஜெயித்தால் மறுபடி மாறியிருந்தது.

சரி, நானூறு ஆட்டத்தை வைத்து ஒருவன் நல்ல ஆட்டக்காரனா என்று சொல்ல முடியுமா? இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 2015இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் கிளாடிகோ என்ற கணினி நிரலை நான்கு தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். 80,000 ஆட்டங்கள். மனிதர்கள் ஏழு லட்சம் டாலருக்கும் மேல் (காசு இல்லை, சிப்ஸ் கணக்குத்தான்) முன்னணியில் முடித்தார்கள். ஆனாலும் பல்கலைக்கழகம், புள்ளியியல்படி இதை வெற்றி தோல்வி என்று சொல்ல முடியாது, சமம்தான் என்றது. தோற்றவன் பேச்சு என்று சிரிக்கலாம். ஆனால் எண்பதாயிரம் ஆட்டத்துக்குப் பிறகும் அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரிப்பதில் தகராறு வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

2017 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் துவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் லிப்ராடஸ் என்ற புதிய நிரலோடு வந்தார்கள். பிட்ஸ்பர்க் நகரக் கேசினோ ஒன்றில் 20 நாள், 1,20,000 ஆட்டம். அதிர்ஷ்டம் குறுக்கே வராமல் இருக்க, ஓர் அறையில் மனிதருக்கு விழுந்த அதே சீட்டுகள் அடுத்த அறையில் கணினிக்கு விழும்படி ஏற்பாடு. எனக்குப் பிடித்தது இரவில் நடந்த வேலை. பகலில் ஆட்டம் முடிந்ததும் நான்கு பேரும் கூடி, கணினியின் ஆட்டத்தில் ஓட்டை எங்கே என்று ஆராய்வார்கள். அதே இரவில் லிப்ராடஸ், அன்று அவர்கள் தன்னை எங்கே எல்லாம் சீண்டிப் பார்த்தார்களோ அந்த இடங்களை மட்டும் சூப்பர் கம்ப்யூட்டரில் மறுபடி கணக்குப் போட்டு அடைத்துக்கொள்ளும். நேற்று கண்டுபிடித்த ஓட்டை இன்று காலை இருக்காது. முடிவில் 17 லட்சம் டாலருக்கும் மேலான சிப்ஸ் வித்தியாசத்தில் கணினி ஜெயித்தது. எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் அப்படி ஒரு இரவு ஷிப்ட் இருந்திருந்தால்!

ஆக, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது பொய் வித்தை இல்லை. ஆனால் தம்பியின் நோட்டில் இல்லாத ஒரு பத்தி இருந்தது: மேஜைக்காரன் எடுக்கும் கமிஷன். ரேக் என்பார்கள். கணக்குக்காக, சமத் திறமையுள்ள ஆறு பேர் தலைக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். ஆட்டத்துக்குச் சராசரி 300 ரூபாய் சேருகிறது, அதில் கம்பெனி 5 சதவீதம் எடுக்கிறது, அதாவது 15 ரூபாய். மணிக்கு 60 ஆட்டம் என்றால் 900 ரூபாய். இதே வேகத்தில் போனால் ஏழு மணி நேரத்துக்குள் ஆறு பேருடைய 6,000 ரூபாயும் மேஜையில் இருக்காது. யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

இங்கேதான் நீதிமன்றம் வருகிறது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கில், 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ரம்மி மூன்று சீட்டு போல முழு அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, விழுந்த சீட்டை நினைவில் வைக்கும் திறமை வேண்டும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிதாயதுல்லா. ஆன்லைன் கம்பெனிகள் பின்னாளில் விளம்பரத்தில் வைத்த "திறமை ஆட்டம்" என்ற சொல்லுக்கு வேர் அது. ஆனால் அதே தீர்ப்பில், ஆட்டத்திலிருந்து கிளப் உரிமையாளர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் இருக்கிறது. அந்த வரியை எந்த விளம்பரமும் சொல்லி நான் கேட்டதில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு. கம்பெனியைச் சட்டத்திலிருந்து காப்பாற்றிய "திறமை"தான், "நீ தோற்றால் உன் தப்பு, திருத்திக்கொண்டு மறுபடி வா" என்று பையன்களைத் திரும்ப இழுத்தது.

பிறகு நடந்தவை செய்தித்தாளில் வந்தவைதான். கடன், தற்கொலைச் செய்திகள் வரிசையாக வந்த பிறகு 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. அதன் வழி வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் புதிய மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றியது என்று 2023 ஏப்ரலில் சட்டம் ஆயிற்று. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் மாநில ஆணையம் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று விதி போட்டது. அந்த விதிக்கு நான் கை தட்டினேன், ஏனென்றால் தம்பியின் நோட்டில் பெரிய நஷ்டங்களுக்கு எதிரே எழுதியிருந்த நேரம் பெரும்பாலும் இரவு ஒன்று, இரண்டு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதே கூடாது என்று சட்டம் செய்தது. அரை நூற்றாண்டு வாதாடிய வேறுபாட்டை அந்தச் சட்டம் ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போயிற்று. வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. தம்பி கணக்கில் மிச்சம் இருந்த 340 ரூபாயை வங்கிக்கு மாற்றிக்கொண்டான்.